மி-17 எழ மறுக்கிறதா? எந்த முள் முதலில் சிவப்பைத் தொட்டது என்று பாருங்கள்

“நாலு டன் தூக்கும்னு போட்டிருக்கு, அப்புறம் ஏன் எங்க தெருவில் பத்துப் பேரோடு கிளம்பிட்டாங்க?” ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார். விமானப்படையில் மி-17 ஹெலிகாப்டர்களில் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்பவர் மொட்டை மாடியில் கைக்குழந்தையோடு நின்றவராக இருப்பார். அவருக்கு ஒப்புக்கு ஒரு பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஹெலிகாப்டர் யூனிட்டுக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கும், ஹெலிபேடில் மூட்டை ஏற்றிக் கொடுக்கும் நிவாரணப் பணியாளர்களுக்கும், வீட்டில் சிமுலேட்டரில் மி-17-இன் மூத்த ரகமான மி-8-ஐ ஓட்டிப் பார்த்து ஏன் விழுகிறது என்று புரியாமல் தவிப்பவர்களுக்கும் இது உதவும். உண்மையிலேயே பறக்கப் போகிறவர்களுக்கு அந்தந்த ஹெலிகாப்டரின் கையேடு சொல்வதுதான் சட்டம். நான் சொல்வது அதைப் படித்தால் சட்டென்று புரிவதற்காக.

முதலில் எடைக் கணக்கு

எந்தக் கோளாறைத் தேடுவதற்கு முன்னாலும் ஒரு தாளில் இதைப் போட்டுவிடுங்கள். மி-17 வி5 தரையை விட்டு எழும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 13,000 கிலோ. வெறும் ஹெலிகாப்டரே சுமார் 7,500 கிலோ. மிச்சம் 5,500. அதில் குழுவினர் நாலு பேரும் அவர்களுடைய சாமான்களும் 400 கிலோ. 2,000 லிட்டர் எரிபொருள் ஊற்றினால் அது 1,600 கிலோ. கையில் நிற்பது 3,500. ஆட்களைத் தூக்கும் வின்ச், ஸ்ட்ரெச்சர், மருந்துப் பெட்டி எல்லாம் இதிலிருந்துதான் கழியும். நாலு டன் என்று அச்சிட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அந்த நாலு டன்னும் நிறைய எரிபொருளும் ஒரே பயணத்தில் சேர்ந்து வராது. அதுவும் கடல் மட்டத்தில், காற்று கெட்டியாக இருக்கும் இடத்தில் போட்ட கணக்கு.

அடுத்து, முள்

எழ மறுக்கிற ஹெலிகாப்டரில் விமானி அறையின் மானிகளில் நான் முதலில் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: எந்த முள் முதலில் சிவப்பு எல்லையைத் தொட்டது?

எல்லை பல இடங்களில் இருக்கிறது. இன்ஜின் தரும் சக்தியைத் தலைக்கு மேல் சுற்றும் ரோட்டருக்குக் கொண்டுபோகும் கியர்பாக்ஸ் இவ்வளவுதான் தாங்கும் என்று ஓர் எல்லை. இன்ஜினுக்குள் டர்பைன் எவ்வளவு சூடாகலாம், எவ்வளவு வேகமாகச் சுற்றலாம் என்று இன்னொன்று. ரோட்டர் எவ்வளவு மெதுவாகச் சுற்றலாம் என்பது மூன்றாவது. நாலாவதை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள்: மூக்கு திரும்பாமல் பிடித்துவைக்கும் வால் ரோட்டரின் பெடல். அது கடைசிவரை போய் இடித்துவிட்டால், இன்ஜினில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பயனில்லை.

தாழ்வான குளிர்ந்த இடத்தில் கியர்பாக்ஸ்தான் முதலில் எல்லையைத் தொடும். இன்ஜினுக்கு இன்னும் தெம்பு இருக்கும். உயரமான சூடான இடத்தில் கியர்பாக்ஸ் சும்மா இருக்கும், டர்பைன் வெப்பம் சிவப்புக்குப் போகும். வியட்நாமில் பறந்த அமெரிக்க ஹெலிகாப்டரான ஹியூயியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் யூஎச்-1எச் ரகத்து இன்ஜின் 1,400 குதிரைத்திறன் தரும், கியர்பாக்ஸ் 1,100-க்கு மேல் வாங்காது. பிரெஞ்சுக்காரர்கள் செய்த லாமா ஹெலிகாப்டரில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 870 குதிரைத்திறன் இன்ஜினை 550-க்குக் கட்டிப்போட்டிருந்தார்கள். தரையில் பார்த்தால் வீண் மாதிரித் தெரியும். ஆனால் மேலே போகப்போக இன்ஜினின் தெம்பு குறையும்போதும் அந்த 550 நெடுந்தூரம் குறையாமல் கிடைக்கும். மலையில் பறப்பவனுக்கு அந்தச் சேமிப்புதான் உயிர்.

எந்த முள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இனி ஒவ்வோர் அறிகுறியாகப் பார்ப்போம்.

“காலையில் தூக்கிய அதே சுமையை மதியம் தூக்க மாட்டேன் என்கிறது”

லடாக்குக்கு முதல் முறை போகும் எவருக்கும் இது நடக்கும். பழுது எதுவும் இருக்காது. காற்று மாறியிருக்கும்.

லே விமான நிலையம் 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஏட்டில் உள்ள வெப்பநிலை மைனஸ் 6 டிகிரி. அதைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் சுமார் 120 அடி உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதுதான் ஹெலிகாப்டர் உணரும் உயரம். காற்றடர்த்தி உயரம் என்பார்கள். கோடைக் காலையில் 10 டிகிரி என்றால், 16 டிகிரி கூடுதல், கிட்டத்தட்ட 1,900 அடி. ஆக, ரோட்டர் 12,600 அடியில் வேலை செய்கிறது. மதியம் 25 டிகிரி ஆனதும் அது 14,400. வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை, அதற்குள் 1,800 அடி ஏறிவிட்டது! அந்த மதியக் காற்று, கடல் மட்டத்துக் காற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ரோட்டர் றெக்கைக்குப் பிடிக்கக் காற்று குறைவு, இன்ஜின் உள்ளே இழுக்கவும் காற்று குறைவு. ஒரே காரணம் இரண்டு பக்கமும் அடிக்கிறது.

அறிகுறி இப்படித் தெரியும்: றெக்கைகளின் கோணத்தைக் கூட்டி ஹெலிகாப்டரை எழுப்பும் கைப்பிடியான கலெக்டிவைத் தூக்கத் தூக்க டர்பைன் வெப்பமும் இன்ஜின் சுற்றும் எல்லைக்குப் போகும், சக்கரம் தரையை அழுத்திக்கொண்டேயிருக்கும்.

செய்ய வேண்டியது: முதலில் எரிபொருளைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள், அப்புறம் சுமையை. ஒரே நடையில் போக வேண்டியதை இரண்டாகப் பிரியுங்கள். கனமான நடைகளை விடியற்காலையில் வையுங்கள். எதிர்க்காற்று அடிக்கிறதென்றால் மூக்கை அதற்கு நேராகத் திருப்புங்கள். பதினைந்து இருபது நாட் (மணிக்கு 28 முதல் 37 கிலோமீட்டர்) எதிர்க்காற்று, காசில்லாமல் கிடைக்கும் சக்தி.

அமெரிக்கத் தரைப்படை இதை அனுபவித்துக் கற்றுக்கொண்டது. பதினொரு வீரர்களுக்கு இடமுள்ள ஹியூயி, வியட்நாம் வெயிலில் முழு ஆயுதத்தோடு ஏழெட்டுப் பேரைத்தான் ஏற்றிக்கொண்டு போனது. அதனால் அடுத்த ஹெலிகாப்டர் கேட்டபோது எத்தனை டன் என்று மட்டும் கேட்கவில்லை. 4,000 அடி உயரம், 35 டிகிரி வெயில், பதினொரு வீரர்கள், தரையின் உதவி இல்லாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கு வந்த பதில்தான் பிளாக் ஹாக். முதலில் பறந்தது 1974-இல், படையில் சேர்ந்தது 1979-இல். எந்த ஹெலிகாப்டரின் தூக்கும் திறனைப் படித்தாலும் பக்கத்தில் உயரமும் வெப்பமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

“மூன்று மீட்டர் எழுகிறது, அதற்கு மேல் போனால் அமிழ்கிறது”

என் அனுபவத்தில் அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். சாமான் ஏற்றியாயிற்று, கதவு மூடியாயிற்று, ஹெலிகாப்டர் மெதுவாக எழுந்து அழகாக நிற்கிறது. சரி, தூக்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். மரத்தைத் தாண்ட இன்னும் பத்து மீட்டர் ஏற்றினால், ஏறாது. ஏறினாலும் உடனே கீழே வரத் தொடங்கும்.

ரோட்டர் கீழே தள்ளும் காற்று தரையில் மோதி ஒரு மெத்தை போலத் தாங்கும். தரை மெத்தை என்று வைத்துக்கொள்வோம். ரோட்டரின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு உயரம்வரை அது ஓரளவு இருக்கும். மி-17-க்கு அது 21 மீட்டர். தரைக்குப் பக்கத்தில்தான் பலம் அதிகம். மூன்று மீட்டரில் நின்ற ஹெலிகாப்டர் நின்றது தன் சக்தியோடு மெத்தையின் தயவும் சேர்ந்துதான்.

மெத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைப்பதும் இல்லை. சிமென்ட் தளத்தில் நன்றாக இருக்கும். உயர்ந்த புல், தண்ணீர், சரிவு இவற்றின் மேல் குறையும். மலை முகட்டில் உள்ள ஹெலிபேடில் ரோட்டரின் பாதி வட்டம் பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும். அந்தப் பாதிக்கு மெத்தையே கிடையாது.

எனவே கிளம்பும் முன் ஹோவர் சோதனை, அதாவது அந்தரத்தில் நின்று பார்ப்பது, கட்டாயம். மூன்று மீட்டரில் நிறுத்தி, முள்ளில் எவ்வளவு மிச்சம் என்று படியுங்கள். நல்ல மிச்சம் இருந்தால் நேராக மேலே போகலாம். கொஞ்சம்தான் மிச்சம் என்றால், முன்னால் திறந்தவெளி இருக்கும்போது மட்டும் மெத்தையை விட்டு எழாமல் தரையை ஒட்டியே வேகம் பிடியுங்கள். பதினைந்து இருபது நாட் வேகத்தில் ஓர் அதிர்வு வரும். ரோட்டர் தன் பழைய காற்றை விட்டுப் புதுக் காற்றுக்குள் நுழைகிறது என்று அர்த்தம். அப்போது அதே சக்தியில் ஹெலிகாப்டர் தானாக ஏறத் தொடங்கும். மூன்று மீட்டர்கூட நிற்கவில்லை, எதிரே மரமோ கம்பியோ இருக்கிறது என்றால் இறக்கி வைத்துவிட்டுச் சுமையைக் குறையுங்கள். வேறு வழி தேட வேண்டாம்.

ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியபோது விமானப்படையின் மி-17 வி5-களும் துருவ் ஹெலிகாப்டர்களும் உணவு போட்டன, ஆட்களைத் தூக்கின. மாடியிலிருந்து ஆளைத் தூக்கும் ஹெலிகாப்டர் மின்கம்பிகளுக்கு மேலே, மெத்தைக்கு எட்டாத உயரத்தில், வேகமே இல்லாமல் நிமிடக்கணக்கில் நிற்க வேண்டும். ஒரு ஹெலிகாப்டருக்கு இதைவிடச் சக்தி அதிகம் கேட்கும் வேலை குறைவு. அதோடு அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று சுற்றிவர எரிபொருளும் வேண்டும். ஓடுதளத்தில் முப்பது பேரை ஏற்றக்கூடிய அதே ஹெலிகாப்டர் உங்கள் மாடிக்கு மேல் பத்துப் பேரோடு நிறுத்திக்கொண்டது, அந்தப் பத்துப் பேரையும் பத்திரமாக இறக்குவதற்காக.

“ரோட்டர் சுற்று இறங்குகிறது, எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன”

இதில் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் ஒரு முன்னரங்க ஹெலிபேட். நாங்கள் கேட்ட எடைக்கு மண்ணெண்ணெய் ஜெரிக்கேன்களை எண்ணி ஏற்றியிருந்தார்கள். மேலே இருக்கும் பையன்களுக்குக் குளிருக்கு ஆகுமே என்று யாரோ நல்ல மனதோடு இன்னும் பத்தைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். இருபது லிட்டர் ஜெரிக்கேன் ஒன்று தகரத்தோடு இருபது கிலோவை நெருங்கும். பத்து என்றால் இரண்டு ஆள் எடைக்கு மேல். எனக்குத் தெரியாது.

எழுந்தோம். மி-17-இல் ரோட்டர் சுற்று சுமார் 95 சதவீதத்தில் நிற்க வேண்டும். என் வேலை அதை உரக்கப் படிப்பது. “95… 94… 93…” கேப்டன் கலெக்டிவை அதற்கு மேல் இழுக்கவில்லை. “92” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையை மெல்லத் தாழ்த்திவிட்டார். சக்கரம் தரையைத் தொட்டது. ரோட்டர் சத்தம் பழையபடி ஏறியது. இறங்கிப் போய் எண்ணிப் பார்த்தபோதுதான் பத்து ஜெரிக்கேன் கூடுதல் என்று தெரிந்தது.

ஏன் கையைத் தாழ்த்த வேண்டும்? இன்ஜின் தன் எல்லையில் இருக்கும்போது கலெக்டிவை மேலும் இழுத்தால் றெக்கைகளின் கோணம் கூடும், இழுவை கூடும், அதைச் சுற்ற இன்ஜினிடம் சக்தி இல்லை. சுற்று குறையும். தூக்கும் விசையோ சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. 95-லிருந்து 90-க்கு விழுந்தால் தூக்கும் விசையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். 12 டன் ஹெலிகாப்டரில் அது 1.2 டன். அமிழ்கிறது என்று பயந்து இன்னும் இழுத்தால் இன்னும் விழும். போதாக்குறைக்கு ஜெனரேட்டர்கள் ரோட்டர் கியர்பாக்ஸில்தான் ஓடுகின்றன. சுற்று மிகவும் இறங்கினால் அவையும் கழன்றுகொள்ளும், விளக்குகள் வரிசையாக எரியும். மின்சாரக் கோளாறு என்று நினைத்து அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கினால் ஆபத்து. பிரச்சினை கலெக்டிவில் இருக்கிறது.

மனசு மேலே இழு என்று சொல்லும்போது கையைக் கீழே கொண்டுபோவது எளிதில்லை. சிமுலேட்டரில் பழகுபவர்கள் இந்த ஒன்றையாவது நூறு தடவை செய்து பாருங்கள்.

“கீழே இறங்கும்போது கலெக்டிவ் இழுத்தாலும் விழுகிறது”

மேலே சொன்னதும் இதுவும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும். மருந்து வேறு. பிரித்தறியத் திரும்பவும் முள்ளைத்தான் பார்க்க வேண்டும். ரோட்டர் சுற்று சரியாக இருக்கிறது, இன்ஜினில் மிச்சமும் இருக்கிறது, ஆனாலும் இழுக்க இழுக்க வேகமாக விழுகிறது, உடம்பெல்லாம் உலுக்குகிறது என்றால் ஹெலிகாப்டர் தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது. றெக்கை நுனிகளைச் சுற்றி காற்று வளையமாகச் சுழன்று திரும்பத் திரும்ப மேலிருந்து உள்ளே வருகிறது. சுழல்வளைய நிலை என்று சொல்லலாம். முன்வேகம் மிகக் குறைவு, இறங்கும் வேகம் அதிகம், இன்ஜின் சக்தியும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்: இந்த மூன்றும் சேர்ந்தால் வரும்.

2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லேடன் வீட்டு வளாகத்தில் அமெரிக்க பிளாக் ஹாக் ஒன்று விழுந்தது இப்படித்தான் என்று விளக்கப்பட்டது. ஒத்திகைக்குக் கட்டிய மாதிரி வளாகத்தில் கம்பிவேலி இருந்தது. ரோட்டர் காற்று அதன் வழியே வெளியே போய்விட்டது. நிஜ வளாகத்தில் உயரமான கெட்டிச் சுவர். காற்று வெளியே போக வழியில்லாமல் சுவரில் மோதி மேலே திரும்பியது. எதிர்பார்த்ததைவிட வெப்பமும் கூடுதல். வால் சுவரில் மாட்டிக்கொண்டது. உயிரிழப்பில்லாமல் ஹெலிகாப்டரை விமானி கீழே வைத்தது பெரிய திறமை.

உயரம் இருந்தால் மூக்கைத் தாழ்த்தி முன்வேகம் பிடித்துப் புதுக் காற்றுக்குள் போங்கள், கலெக்டிவைக் குறையுங்கள். உயரம் இல்லாத இடத்தில் மருந்து இல்லை, வராமல் பார்த்துக்கொள்வதுதான். கனமான சுமையோடு நான்கு பக்கமும் அடைத்த இடத்துக்கு இறங்கும்போது, காற்றை எதிர்கொண்டு, முன்வேகத்தைக் கடைசிவரை கொஞ்சம் வைத்துக்கொண்டு, மெதுவாக இறங்க வேண்டும்.

“வலது பெடலை முழுதும் அழுத்தியும் மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது”

மி-17-இன் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றும். அதனால் உடல் இடது பக்கம் திரும்பப் பார்க்கும், வலது பெடல்தான் அதைப் பிடித்துவைக்கிறது. பிளாக் ஹாக்கில் எல்லாம் தலைகீழ். மேல் ரோட்டருக்கு எவ்வளவு சக்தி கொடுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு வால் ரோட்டரிலிருந்து வேண்டும். அதுவும் அதே மெல்லிய காற்றில்தான் சுற்றுகிறது. உயரத்தில் இன்ஜினில் மிச்சம் இருக்கும்போதே பெடல் தீர்ந்துபோவது இதனால்தான். மி-8-இல் வலப்பக்கம் இருந்த வால் ரோட்டரை மி-17-இல் இடப்பக்கம் மாற்றியதே அதன் பலனைக் கூட்டத்தான்.

கலெக்டிவைக் குறையுங்கள். மூக்கு திரும்பும் பக்கத்தில் இடமிருந்தால் எதிர்த்து மல்லுக்கட்டாமல் அந்தப் பக்கமே போய் வேகம் பிடியுங்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் காற்று அடிக்கும்போது முழுச் சுமையோடு அந்தரத்தில் நிற்காதீர்கள்.

“வேகம் கூட்டினால் பயங்கரமாக அதிர்கிறது”

கனமும் உயரமும் சேர்ந்தால் அதிகபட்ச வேகமும் குறையும் என்பதை மறந்ததால் வருவது. பின்னோக்கிச் சுற்றும் றெக்கை தூக்கும் விசையை இழக்கிறது. கடல் மட்டத்தில் மணிக்கு 250 கிலோமீட்டர் போகிற மி-17 உயரத்தில் அந்த வேகத்தின் பக்கமே போகக்கூடாது. கலெக்டிவைக் குறைத்து, வேகத்தைக் குறையுங்கள். கையேட்டு அட்டவணையில் அன்றைய எடைக்கும் உயரத்துக்கும் உள்ள வேகத்தை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டால் இந்த அறிகுறியைப் பார்க்கவே வேண்டியதில்லை.

“எழும்போதே மூக்கோ வாலோ தொங்குகிறது”

எடை சரி, வைத்த இடம் தவறு. மி-17-இன் சரக்கறையில் எந்த எடைக்கு மையம் எங்கே இருக்க வேண்டும் என்று குறி போட்டிருக்கும். அதைப் பார்த்து ஏற்றுங்கள், கட்டுங்கள். கட்டாத சுமை எழும்போது பின்னால் நகர்ந்தால், மூக்கைத் தாழ்த்தவும் உயர்த்தவும் உதவும் சைக்ளிக் என்ற குச்சி கடைசிவரை போய்த் தீர்ந்துவிடும்.

“கீழே தொங்கும் சுமை ஊஞ்சலாடுகிறது”

கொக்கியின் எல்லையையும் ஹெலிகாப்டர் தூக்கும் அளவையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிளாக் ஹாக்கின் யூஎச்-60எல் ரகத்துக் கொக்கி 4,082 கிலோ தாங்கும். தாங்குவது கொக்கி. அன்றைய வெயிலில் ரோட்டர் தாங்குமா என்பது தனிக் கணக்கு.

2024 மார்ச்சில் குன்னூர் மலைக்காட்டில் தீப் பிடித்தபோது விமானப்படை மி-17 வி5, கீழே தொங்கவிடும் பாம்பி பக்கெட்டில் தண்ணீர் மொண்டு ஊற்றியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 3,500 லிட்டர் பக்கெட் என்றால் மூன்றரை டன். குன்னூர் ஆறாயிரம் அடி உயரம். அதனால் அந்தப் பக்கெட்டில் ஒரு வார்ப்பட்டை இருக்கும். அதை இறுக்கினால் பக்கெட் முழுதாக விரியாது, தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். பக்கெட் நிறையவில்லையே என்று கீழிருந்து பார்ப்பவர் வருத்தப்பட வேண்டாம்.

ஊஞ்சலுக்கு வருவோம். கனமான சுமை பெரும்பாலும் ஒழுங்காகத் தொங்கும். ஆடுவது லேசான பெரிய பொருள்கள்: காலிப் பக்கெட், காலித் தொட்டி, தகரக் கட்டு. ஆடத் தொடங்கினால் சைக்ளிக்கால் துரத்தாதீர்கள், அது ஊஞ்சலை ஆட்டிவிடுவது போலாகும். வேகத்தை மெதுவாகக் குறையுங்கள், ஆட்டம் தானாக அடங்கும். அடங்காமல் ஹெலிகாப்டரையே இழுக்கிறது என்றால் கீழே ஆளில்லாத இடத்தில் கழற்றிவிட வேண்டியதுதான். தரையில் கொக்கி மாட்டுபவர்களுக்கு இரண்டு சொல்: மழையில் நனைந்த தார்ப்பாயும் மணல்மூட்டையும் சீட்டில் எழுதிய எடையில் இருக்காது, மறுபடி நிறுத்துப் பாருங்கள். கொக்கியைக் கையால் தொடும் முன் தரையிணைப்புக் கம்பியால் தொடுங்கள். பறந்து வந்த ஹெலிகாப்டரில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் ஆளைத் தூக்கி எறியும்.

“எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் தூக்க எதுவும் மிச்சமில்லை”

சியாச்சினில் இதுதான் தினசரி. 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய ராணுவத்தின் சியாச்சின் நடவடிக்கையான ஆபரேஷன் மேக்தூத் தொடங்கியதிலிருந்து அங்கே மேல்முனைக் காவல் நிலைகளுக்கு உயிர்நாடி சீட்டா ஹெலிகாப்டர். முன்னே சொன்ன லாமாவை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் வாங்கிச் செய்ததுதான் சீட்டா. லாமாவே இந்திய ராணுவத்தின் மலைத் தேவைக்காகப் பிறந்தது. 1969-இல் இமயமலையில் நடந்த சோதனையில் இரண்டு பேரோடும் 120 கிலோ எரிபொருளோடும் 7,500 மீட்டரில் இறங்கி ஏறியது. 1972-இல் பிரெஞ்சு விமானி ஜான் பூலே அதை 12,442 மீட்டருக்குக் கொண்டுபோனார். மேலே இன்ஜின் அணைந்துவிட, றெக்கைகளைக் காற்றிலேயே சுழலவிட்டு இறங்கினார்.

அப்படிப்பட்ட ஹெலிகாப்டர், இருபதாயிரம் அடிக்கு மேல் உள்ள நிலைகளுக்குச் சில சமயம் இருபது இருபத்தைந்து கிலோதான் கொண்டுபோகும். ஒரு மண்ணெண்ணெய் ஜெரிக்கேன். அவ்வளவே. அங்கே காற்று கடல் மட்டத்தில் உள்ளதில் பாதி. போய்வரத் தேவையான எரிபொருளும் இரண்டு விமானிகளும் போக மிச்சம் அதுதான். விமானிகள் இன்ஜினை அணைப்பதில்லை; சுமையைத் தள்ளிவிட்டு உடனே திரும்புவார்கள். அணைத்தால் அந்தக் குளிரிலும் உயரத்திலும் மறுபடி உயிர்பெறுமா என்பது நிச்சயமில்லை.

2005 மே 14 அன்று பிரெஞ்சு விமானி டிடியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியிலேயே ஹெலிகாப்டரை இறக்கினார், அப்படியிருக்க ஏன் முடியாது என்று கேட்பார்கள். தேவையில்லாததையெல்லாம் கழற்றிய, எடை குறைத்த ஓர் ஏஎஸ்350, தனி ஒருவர், காத்திருந்து பிடித்த நல்ல வானிலை. அவர் காட்டியது ஹெலிகாப்டர் தன்னைத் தானே எங்கேவரை தூக்கிக்கொள்ளும் என்பதை. சியாச்சின் விமானி அதற்கு மேல் இருபது கிலோவைத் தூக்குகிறார், அதையும் நாள் தவறாமல்.

இந்த அறிகுறிக்குத் தீர்வு இல்லை. அட்டவணையில் மிச்சம் பூஜ்யம் என்றால் அன்று அந்த உயரத்துக்குச் சுமை கிடையாது. விடியலுக்குக் காத்திருங்கள், அல்லது இன்னும் தாழ்வான நிலையில் இறக்கி ஆள் சுமந்து போகட்டும்.

“அதே எடை, அதே குளிர், ஆனால் போன மாதத்தைவிட முள் மேலே நிற்கிறது”

முதலில் சுவிட்சுகளைப் பாருங்கள். மி-17-இன் இன்ஜின் வாயில் தூசி பிரிக்கும் கருவி உண்டு. அதைப் போட்டாலும், பனித்தடுப்பைப் போட்டாலும், இன்ஜினிலிருந்து சூடான காற்று அவற்றுக்குப் பிரிந்துபோகும், சக்தி குறையும். புழுதியில் இறங்கிவிட்டு அணைக்க மறந்து பறப்பது சகஜம்.

இரண்டும் அணைந்திருக்கிறது, இருந்தும் வெப்பம் கூடுதல் என்றால் இன்ஜினுக்குள் அழுக்கு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரஸரின் றெக்கைகளை மணல் தேய்த்திருக்கும், கடலோரத்தில் என்றால் உப்பு படிந்திருக்கும். ஒரே நாளில் வருவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு நடையிலும் குறிப்பேட்டில் வெப்பத்தையும் சுற்றையும் எழுதச் சொல்கிறார்கள். எழுதியிருந்தால்தான் போன மாதத்தோடு ஒப்பிட முடியும். சுத்தமான நீரும் கழுவுதிரவமும் பீய்ச்சி, இன்ஜினைப் பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரில் சுற்றிக் கழுவுவோம். வெளியே வரும் தண்ணீர் முதலில் டிகாஷன் நிறத்தில் இருக்கும். தெளியும்வரை திரும்பச் செய்து, உலரவிட்டு, இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். முள் பழைய இடத்துக்கு இறங்கினால் அந்த மிச்சத்தை அடுத்த நடையின் எடைச்சீட்டில் எழுதிக்கொள்ளலாம். இறங்கவில்லையென்றால் தேய்மானம், இன்ஜினைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள்.